இறங்கி ஓட முடியாத ஊர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். ஒரு குடும்பத்துக்குப் பயணத் திட்டம் போடும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று. நான் தொண்டையைச் செருமுவதற்குள் உங்களில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறீர்கள். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். எழுத்தையும் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் நீங்கள் போவதை நான் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் வேன் கழுவத் தொடங்கி, பிறகு ஓட்டி, பிறகு வாங்கி, ஒன்றை மூன்றாக்கி, கடைசியில் டிராவல்ஸ் என்று பலகை மாட்டிச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவன். மேட்டுப்பாளையம் பாதையில் என் வண்டி வருகிறது என்றால் கொண்டை ஊசி வளைவே கொஞ்சம் நிமிர்ந்து வழிவிடும் என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். அதைப் பெரும்பாலும் பேசியது நான்தான் என்று சிலர் சொல்வதுண்டு. பொறாமைக்கு மருந்து கிடையாது.

அப்படிப்பட்ட நான் முதன்முதலில் போட்ட தீவுப் பயணத் திட்டம் எப்படிக் குட்டிச்சுவராகிப் போனது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

தேயிலை விலை விழுந்த வருடங்கள் அவை. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். பச்சை இலைக்குக் கிடைத்த விலை, அதைப் பறித்தவர்களுக்குக் கொடுக்கும் கூலிக்கே காணாது. கொழுந்தைப் பறிக்காமல் செடியிலேயே முற்ற விட்டார்கள். செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாக நின்றது. கீழ்நாட்டிலிருந்து ஊட்டி பார்க்க வருகிறவர்கள் எப்போதும்போல வந்தார்கள். ஆனால் நம் மலைக்காரர்கள் வெளியே போவது நின்றுபோயிற்று. பழனிக்கு ஒரு வேன், மருதமலைக்கு ஒரு வேன், கல்யாணத்துக்கு இரண்டு வேன் என்று ஓடிக்கொண்டிருந்த தொழில் படுத்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. ‘அந்தமான் தீவுகள் குடும்பச் சுற்றுலா’ என்று புதிதாக ஒரு பலகை எழுதி மாட்டினேன். பலகை எழுதியவன் நான் கேட்காமலேயே இரண்டு தென்னை மரமும் போட்டுக் கொடுத்தான். அந்தமானைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு தென்னை மரம்தான்.

நாலைந்து மாதம் அந்தப் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் உண்டு, உள்ளே வந்தவர்கள் இல்லை. ஐப்பசி மழை நாள் ஒன்றில் கேத்தியிலிருந்து ஓர் அம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பெயர் சரஸ்வதி. நாற்பது வயது இருக்கும். என்னைவிட இளையவர்தான். ஆனால் வந்து உட்கார்ந்த தோரணையிலேயே அக்கா என்று கூப்பிட வாய் வந்துவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வியைப் போல ஒன்றை அதற்கு முன் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை.

“ஏனுங்க, நடுவுல எறங்கி பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துர முடியாத ஊரு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

விசாரித்தபோது விஷயம் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பழனிசாமி. அவருக்கு ஒரே தம்பி, நடராஜ். கேத்தியில் இருவருக்கும் பொதுவாக மூன்று ஏக்கர். அவர்களுடைய தகப்பனார் காலத்தில் கேரட்டும் முட்டைகோஸும் போட்ட காடு. தேயிலை நல்ல விலைக்குப் போன காலத்தில் அண்ணன் முழுவதையும் தேயிலையாக்கினார். ஐந்தாறு வருடம் நன்றாக வந்தது. பிறகு விழுந்தது. தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்துகொண்டு, ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை மற்றவர் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காட்டைப் பிரித்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. தை பிறந்ததும் சர்வேயர் வந்து கல் நடப் போகிறார். பேச்சில்லாமல் கல் நட்டால் அந்தக் கல் அப்புறம் சுவராகிவிடும் என்பது அக்காவின் பயம். அது வெறும் பயமில்லை. அவருடைய பிறந்த வீட்டில் அப்படி ஆகி, ஒரே வாசலில் இரண்டு சாவுகளுக்கு இரண்டு பக்கத்துச் சனமும் தனித்தனியாக நின்றதைப் பார்த்தவர்.

ஆடி மாதத்தில் எல்லாரையும் பழனிக்கு அழைத்துப் போயிருக்கிறார். உடுமலையில் டீ குடிக்க நிறுத்தியபோது தம்பி இறங்கியவர் அப்படியே கோவை பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்துவிட்டார். அதனால்தான் இந்த முறை கடல். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது, போனால் எட்டுப் பேரும் போவது, பிள்ளைகளைக் காட்டி இருவரையும் சம்மதிக்க வைத்தாயிற்று என்றார். கடைசியாக, “உங்களுக்கு அந்த ஊரெல்லாம் பழக்கந்தானுங்களே?” என்று கேட்டார்.

அத்துப்படி என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் போன வாரம் ஒரு தங்கை, தான் மிதித்தே இராத பாலித் தீவைப் பற்றி ஒரு புதுமணத் தம்பதியிடம் தன் தாய்மாமன் ஊர்போலப் பேசிக்கொண்டிருந்ததை நானும் கேட்டேன். பெயரைச் சொல்லவில்லை.

சென்னை மெரினாவுக்கு அப்பால் கடலை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் வரைபடம் ஒன்று வாங்கி மேசைமேல் விரித்துக் கட்டைவிரலை வைத்து அளந்தேன். போர்ட் பிளேரிலிருந்து நீல் தீவு ஒரு விரல்கூட இல்லை. நீல் தீவிலிருந்து ஹேவ்லாக் அரை விரல். குன்னூர், கேத்தி, ஊட்டி என்று மனதில் வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் காலையில் ஒரு தீவு, மதியம் ஒரு தீவு. ஊட்டியில் நாம் எப்படிப் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா என்று பாயிண்ட் பாயிண்டாக இறக்கி ஏற்றுவோமோ, அப்படி எட்டு பாயிண்ட் எழுதினேன். ஒவ்வொரு நாளும் புறப்படும் நேரம் ஒன்பதரை. ஏனென்றால் நம் ஊரில் மூடுபனி கலைய ஒன்பதரை ஆகும். அந்தமானில் மூடுபனி கிடையாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே.

துணைக்கு நானே கிளம்பினேன். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறும்போது அவர்கள் மூட்டையைப் பார்த்தேன். எட்டுப் பேருக்கும் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, இரண்டு கம்பளி. என் பையிலும் அதேதான் இருந்தது.

சென்னையிலிருந்து கப்பல் மூன்று நாள். முப்பது வருடம் மலைப்பாதையில் ஓட்டி ஒரு தடவை வாந்தி எடுக்காதவன் நான். வாந்தி எடுத்த பயணிகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து, மனசைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னவன். ஸ்டியரிங் கையில் இருக்கிறவனுக்குக் குமட்டாது, பின்னால் உட்கார்ந்தால்தான் தெரியும் என்பதைக் கப்பல் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மூன்று நாளும் படுத்த படுக்கை. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா எனக்கு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொடுத்து, மனசைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அண்ணன் மேல்தளத்தில், தம்பி கீழ்த்தளத்தில். நடுவில் படிக்கட்டில் நான்கு பிள்ளைகளும் தூது போய்க் கால் வலித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என் படுக்கை ஓரம் வந்து, கப்பல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று குறைப்பட்டார். நியாயமான குறைதான்.

போர்ட் பிளேரில் என் முதல் பாயிண்ட், சூரியன் மறைவதைப் பார்ப்பது. ஆறு மணிக்குக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். இருட்டில் நின்றோம். மார்கழியில் அங்கே ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும், காலையில் ஆறுக்கு முன்பே வெயில் வந்துவிடும். நாம் ஒன்பதரைக்குப் பல் துலக்கிக் கிளம்பினால் அந்த ஊர்க்காரனுக்கு அரை நாள் முடிந்திருக்கும். அக்கா இருட்டைப் பார்த்தபடி, “நல்லா மறைஞ்சிருக்குதுங்க” என்றார். தம்பியின் மனைவி கமலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அண்ணனும் தம்பியும் சிரிக்கவில்லை. கடற்கரையின் இரண்டு முனையில் நின்றார்கள்.

மறுநாளே எல்லா நேரத்தையும் மாற்றி, விடியலில் கிளம்பி, காலைப் படகில் நீல் தீவு போய்ச் சேர்ந்தோம். என் திட்டத்தில் நீல் தீவுக்கு நாலு மணி நேரம்தான். இறங்கு, பார், சாப்பிடு, மதியம் இரண்டு மணிப் படகில் ஏறு. ஹேவ்லாக்கில்தான் அறை சொல்லி வைத்திருந்தேன். பலகையில் எழுதிய அந்தத் தென்னை மரத்தோடு கூடிய வெள்ளை மணல் கடற்கரை அங்கேதான்.

இரண்டு மணிப் படகுக்கு நான் முன்கூட்டியே சீட்டு வாங்கவில்லை. நீங்கள் இப்போது தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. நம் ஊரில் ஊட்டி பஸ் போய்விட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும். நின்றுகொண்டு போகலாம். அதே பழக்கம். படகுத்துறைச் சன்னலில் இருந்தவர் தமிழர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். படகு போர்ட் பிளேரிலேயே நிறைந்து வருகிறது, ஆறு இடம்தான் இருக்கிறது என்றார். நாங்கள் ஒன்பது பேர். மிச்சம் பேர் நாளைப் படகில் வரலாமா என்று கேட்டேன்.

“காத்து கெளம்பப் போகுதுன்னு சொல்றாக. நாளைக்குப் படகு வந்தாத்தேன் வந்துச்சுன்னு சொல்ல முடியும்.”

படகு தூரத்தில் தெரிந்துவிட்டது. பத்து நிமிடம் இருக்கும். எனக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாருமே இங்கேயே தங்கிவிடலாம் என்றால், பிள்ளைகளோடு ஒன்பது பேருக்கு அங்கே இடமில்லை. இருந்த ஒரே சின்ன விடுதியில் ஓர் அறைதான் காலி என்பதை மதியச் சாப்பாட்டின்போதே கேட்டு வைத்திருந்தேன்.

பழனிசாமி என் பக்கத்தில் வந்தார். கணக்கு சுலபம் என்பதுபோலப் பேசினார்.

“ஏனுங்க, எங்க ஊட்டு ஆளுக நாலு பேரும் நீங்களும் ஏறிக்கலாங்க. அவுங்க நாளைக்கோ மறுநாளோ வரட்டுங்க.”

நாலடி தள்ளி நின்ற நடராஜ் கடலைப் பார்த்துக்கொண்டே தன் மகளிடம், “போறவங்களைப் போவச் சொல்லு கண்ணு, நாம திரும்பி ஊட்டுக்கே போயிரலாம்” என்றார்.

தம்பிகளே, அந்த நேரத்தில் சரி என்று சொல்லிவிடுவதுதான் சுலபம். வாடிக்கையாளர்கள் இரண்டு பேரும் ஒரே முடிவைச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு நான்கு பேர், கச்சிதமாகப் பிரிகிறது. அப்படிப் பிரித்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. அந்தக் குடும்பமும் அந்தத் துறையிலேயே இரண்டாகியிருக்கும். கேத்தியில் சர்வேயர் நடுவதற்கு முன் முதல் கல்லை நான் நட்டவனாக ஆகியிருப்பேன்.

வேன் கழுவிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒரு முதலாளி இருந்தார். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர். கல்யாணக் கூட்டத்தை இரண்டு வேனில் ஏற்றும்போது அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சோற்று அண்டாவை ஒரு வண்டியிலும் குழம்பு அண்டாவை இன்னொரு வண்டியிலும்தான் ஏற்றுவார். வண்டிக்கு வண்டி இரண்டும் இருந்தால் முன்னால் போனவன் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். சோறு ஒருத்தனிடமும் குழம்பு ஒருத்தனிடமும் இருந்தால் இரண்டு பேரும் காத்திருந்தே ஆக வேண்டும். மலைப்பாதை நடுவில் பர்லியாரில் எத்தனை கூட்டத்தை அப்படிக் காத்திருக்க வைத்திருக்கிறார் தெரியுமா.

ஆறு சீட்டு வாங்கினேன். இரண்டு பெண்கள், நான்கு பிள்ளைகள். அண்ணனும் தம்பியும் நானும் கரையில்.

அண்ணன் கத்தினார். தம்பி கத்தினார். முன்பின் தெரியாத தீவுக்குப் பெண்களைத் தனியாக அனுப்புகிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா என்று. எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். அக்கா பன்னிரண்டாவது படித்தவர், இந்தி நாலு வார்த்தை பேசுவார், அறைக்குச் சொல்லியாயிற்று, போய்ச் சேர்ந்ததும் இங்கே படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. தொலைபேசிப் பூத்துக்குக் கூப்பிடச் சொல்லி எண் எழுதிக் கொடுத்தாயிற்று. இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. அக்கா என் கையிலிருந்து சீட்டுகளை வாங்கிக்கொண்டார். கணவரைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கமலாவை ஒட்டிக்கொண்டு நின்ற அவளுடைய சின்ன மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, படகுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றரைக்குப் போய்ச் சேர வேண்டும். நான்கு மணிக்குப் பூத்துக்கு முன்னால் இருந்த பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான்கரை. தொலைபேசி அடிக்கவில்லை. காற்று எழுந்துவிட்டது. தென்னைகள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. அண்ணன் என்னைத் திட்டினார். தம்பி அதற்குமேல் ஒன்று சேர்த்தார். “இவனை நம்பி வந்தது நம்ம தப்புங்க” என்றார் தம்பி. “ஆமா, கப்பல்ல படுத்தே கெடந்தான், அப்பவே தெரிஞ்சிருக்கோணும்” என்றார் அண்ணன். அரை மணி நேரம் மாற்றி மாற்றி நடந்தது. நடுவில் உட்கார்ந்திருந்தவன் மெல்ல எழுந்து பெஞ்சின் ஓரத்துக்குப் போனேன். அவர்கள் என்னைத் திட்டும் வசதிக்காகப் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

ஐந்து மணி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. திட்டும் நின்றுவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழனிசாமி முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். நடராஜ் எழுந்து துறைவரை போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் வேண்டிக்கொள்ளாத சாமி பாக்கியில்லை.

ஐந்தேகாலுக்கு மணி அடித்தது. பழனிசாமிதான் பாய்ந்து எடுத்தார். கேட்டார், கேட்டார், கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பி, இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“நட்ராசு, இந்தா. உன்ற பொண்ணு பேசறா.”

எல்லாம் நல்லபடி. போய் இறங்கியதும் பிள்ளைகள் கடலில் இறங்கிவிட்டார்களாம், ஏற்றுவதற்கு நேரமாகிவிட்டதாம்.

மறுநாள் படகு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டு கட்டில் உள்ள அறையில் மூன்று பேர். நான் தரையில். என் எட்டுப் பாயிண்டும் காற்றில் போயிற்று. நீல் தீவில் பார்ப்பதற்கு என்று நான் எழுதி வைத்திருந்தது நாலு மணி நேரத்திலேயே தீர்ந்துபோயிருந்தது.

ஆனால் நான் எழுதாத ஒன்று அங்கே இருந்தது. அந்தத் தீவு முழுக்கக் காய்கறிக் காடு. வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் போட்டது. கடற்கரையிலிருந்து பத்தடி நடந்தால் தக்காளி, கத்திரி, முட்டைகோஸ். அந்தத் தீவுகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் காய் போகிறது. இதை எந்த வரைபடத்திலும் கட்டைவிரலால் அளக்க முடியாது. விடியலில் கண் விழித்தால் இரண்டு கட்டிலும் காலி. தேடிக்கொண்டு போனேன். கோஸ் பாத்தி ஓரத்தில் இரண்டு பேரும் குந்தியிருந்தார்கள். காட்டுக்காரர் மூன்றாவதாகக் குந்தியிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு வங்காளம் தெரியாது. மண்ணைக் கையில் எடுத்து நசுக்கி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாத்திக்கு வடிகால் போதாது, மழை பெய்தால் வேர் அழுகிவிடும் என்றார் தம்பி. மலைச்சரிவுக்குச் சொல்கிற கணக்கைச் சமநிலத்தில் சொல்லாதே என்றார் அண்ணன். உங்களுக்குத் தேயிலை தவிர என்ன தெரியும் என்றார் தம்பி. நீ பிறப்பதற்கு முன்பே அப்பாவோடு கோஸ் நட்டவன் நான் என்றார் அண்ணன். சண்டைதான். ஆனால் நேருக்கு நேர் சண்டை. பிள்ளைகள் வேண்டியிருக்கவில்லை. காட்டுக்காரர் ஏதோ புரிந்ததுபோல இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திறமைக்கு அவரை நம் தொழிலில் சேர்த்திருக்கலாம்.

நான் பத்தடி தள்ளி ஒரு வரப்பில் உட்கார்ந்தேன். அருகில் போய் நல்ல வார்த்தை நாலு சொல்லி முடித்து வைக்கலாம் என்று வாய் துறுதுறுத்தது. எனக்கு எவ்வளவு பெரிய வாய் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அதை மூடி வைத்திருந்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வேலை. மலைப்பாதையில் லாரிக்காக வேனைப் பின்னால் எடுத்து வழிவிட்டதெல்லாம் இதற்கு முன்னால் சும்மா.

சண்டை மெல்ல ஓய்ந்தது. பிறகு பழனிசாமி சொன்னார்.

“காட்டுல தேயிலை போட்டது நாந்தான். தப்புத்தான்னு வெச்சுக்க.”

நடராஜ் கையிலிருந்த மண்ணைப் பாத்தியிலேயே உதிர்த்துவிட்டுச் சொன்னார்.

“போட்டது தப்புன்னு நான் எப்பங்ணா சொன்னேன்? வெலை விழும்னு யாருக்குத் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போட்டீங்க. நான் கோயமுத்தூர் போய்ட்டு வர்றேன், கேரட்டுக் காட்டைக் காணோம். கேட்டிருந்தா நானும் போடலாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“சின்னப் பையன்னு நெனச்சுட்டேன்.”

“எனக்கு அப்ப ஒரு கொழந்தைங்ணா.”

அவ்வளவுதான். கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை. காட்டுக்காரர் இரண்டு தக்காளி பறித்துக் கொடுத்தார். தின்றுகொண்டே நடந்தார்கள். எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் படகு வந்தது. ஹேவ்லாக்கில் போய் இறங்கினால், ஊருக்குத் திரும்ப மறுநாள் கிளம்பியாக வேண்டும். என் பலகைத் தென்னையும் வெள்ளை மணலும் ஆண்கள் இருவருக்கும் அரை நாள்தான் கிடைத்தது. திரும்பும் கப்பலில் நான் மறுபடியும் படுத்துக் கிடந்தபோது அக்கா எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அன்று துறையில் நான் எப்படி ஒரு நொடியில் முடிவெடுத்தேன், சோற்று அண்டா குழம்பு அண்டா எல்லாவற்றையும் குமட்டலுக்கு நடுவிலும் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

“மூணரைக்கே போய்ச் சேந்துட்டமுங்க. பூத்து வாசல்லயே இருந்துச்சு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணா உக்காந்து பயப்படட்டும்னுதான் நான் கூப்பிடலீங்க.”

பழம் ஒன்றை நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் குமட்டல் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதலில் பார்க்க வேண்டியது தீவையா, படகையா, அறையையா? படகுக்கு முன்கூட்டியே சீட்டு வாங்குங்கள். சூரியன் எப்போது மறையும் என்று கேளுங்கள். அதெல்லாம் உங்கள் கைப்பேசியே சொல்லும். அதற்குமேல் என்னிடம் இருப்பது இதுதான்: இந்தக் குடும்பத்தில் இந்தப் பயணம் யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும் என்று கேளுங்கள். வெள்ளை மணலுக்காக வருகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு மணலைக் காட்டுங்கள். ஆனால் குடையை மடக்கிக்கொண்டு வந்து, இறங்கி ஓட முடியாத ஊர் கேட்கிறவர்களும் வருவார்கள். அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு தீவுத் திட்டத்திலும் ஒரு நாளை ஒன்றும் எழுதாமல் விட்டேன். அன்றைக்கு என்ன காட்டப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றும் காட்டமாட்டேன் என்பேன். அப்படிச் சொல்லியும் வியாபாரம் செய்தவன் நான்.

தை மாதம் சர்வேயர் வந்தார். காடு பிரிந்தது. பிரியாமல் இருந்தது என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும், ஆனால் பிரிந்தது. தண்ணீர் பக்கத்தில் இருந்த கீழ்ப்பாதி தம்பிக்கு. அதை அண்ணனே சொன்னாராம். தம்பி தன் பங்கில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போடப் போகிறார் என்று கேள்விப்பட்டு மாசியில் ஒரு நாள் கேத்திக்குப் போனேன். தேயிலை பிடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? மேலே ஆள் உயரம்தான் இருக்கும், கீழே வேர் பாதாளம்வரை போயிருக்கும். கடப்பாரை போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் நெம்பினால்தான் அசையும்.

தம்பி ஒரு பக்கம் நெம்பிக்கொண்டிருந்தார். மறுபக்கம் கடப்பாரையோடு நின்றவர் பழனிசாமி. தான் நட்ட செடியைத் தானே பெயர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, கப்பலில் படுத்துக் கிடந்தவரா, இன்னும் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டார். மேட்டில் டீ கொண்டுவந்த அக்கா சிரித்தார்.

வரிசை வரிசையாகப் பெயர்த்துக்கொண்டு புதுக் கல் நட்ட எல்லை ஓரத்தை நெருங்கினார்கள். நடராஜ் நிமிர்ந்து வேர்வையைத் துடைத்தார்.

“ஏங்ணா, இந்த ஓரத்துல ரெண்டு வரிசை அப்படியே கெடக்கட்டுங்களா?”

“உன்ற காடு. எங்கிட்ட எதுக்குக் கேக்கறே?”

“கேக்கோணும்னு தோணுச்சுங்ணா.”

பழனிசாமி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லோரத்து அந்த இரண்டு வரிசையையும் விட்டுவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் மூன்றாவது வரிசையில் போய்க் குத்தினார்.